நான் புகைக்காத சுங்கான்

அரிசி ஆலை ஒன்று கட்டினேன். கட்டிய இடத்தில் முன்பு கருவேல முள்ளும் பாம்புப் புற்றும்தான் இருந்தன. "இவன் நெல் அரைச்சு யாருக்குப் போடப் போறான், பாம்புக்கா?" என்று ஊர் சிரித்தது. ஆலைக்கு முன்னால் நெல் காயவைக்கக் களம் போட்டேன். வாய்க்காலுக்குக் குறுக்கே லாரி போகப் பாலம் போட்டேன். பஞ்சாயத்து போடட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கும் அங்கே தென்னைமரம்தான் கிடக்கும். புகைபோக்கி புயலில் விழுந்தது, நிறுத்தினேன். அடுத்த புயலிலும் விழுந்தது, முன்னைவிட உயரமாக நிறுத்தினேன். தஞ்சாவூரில் பஸ் போகிற சாலையில் மாடி வைத்து வீடு கட்டினேன். பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். மகனை என்ஜினீயர் ஆக்கினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் அப்பா பண்ணையாள். மிராசு வீட்டு வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு, கூப்பிடுகிறவரை வெயிலில் நிற்பார். அவர் மகன் வாசலில் அந்த ஊர் நெல் முழுவதும் வந்து இறங்கியது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இத்தனையும் கட்டியவன் இப்போது மாடியில் ஓர் அறைக்குள் கிடக்கிறேன்.

களத்தில் அவித்த நெல் கொட்டியிருந்தார்கள். ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஆலையில் மூட்டை தூக்குகிற ஆட்கள் நாலு பேர் என்னை நாற்காலியோடு மாடிக்கு ஏற்றிவிட்டு, "இறங்குறது மெதுவாப் பாத்துக்கலாம் முதலாளி" என்று சொல்லிப் போனார்கள். அந்த 'மெதுவா' இன்னும் வரவில்லை. அறைக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறேன். படியில் கால் வைக்க டாக்டர் விடவில்லை. படியும் லேசான படியா! கீழே இன்னொரு கடை எடுக்க வேண்டும் என்று நான்தான் கொத்தனாரை அதட்டிச் செங்குத்தாக வைக்கச் சொன்னேன். "ஏணி மாதிரி ஆயிடுங்களே" என்றார் அவர். "வயசுப் பிள்ளைங்க ஏற மாட்டாங்களா" என்றேன். கீழே ஒரு மருந்துக்கடையும் ஒரு செல்போன் கடையும் நன்றாக நடக்கின்றன. தரைத்தளத்தில் படுக்க எனக்கு இடமில்லை.

ஜன்னலில் இருக்கிற கம்பியும் என் வேலைதான். திருடனின் கைகூட நுழையக் கூடாது என்று பக்கத்தில் நின்று பற்றவைக்கச் சொன்னேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முன்பெல்லாம் புது ஆறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாயின் கரை தெரியும். ஆனி மாதம் தண்ணீர் விட்டால் இங்கிருந்தே பார்த்துவிட்டு ஊருக்குப் போன் பண்ணுவேன். நடுவில் இருந்த காலிமனையை நான்தான் விற்றேன். வாங்கியவர் மூன்று மாடி எழுப்பிவிட்டார். இப்போது தெரிவது பூசாத செங்கல் சுவர். செங்கல் நல்ல செங்கல், சுட்ட பதம் சரியாக இருக்கிறது. அதைத் தவிர அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இந்த அறைக்குள் உட்கார்ந்துதான் நான் அந்தச் சுங்கானின் வயதைக் கண்டுபிடித்தேன்.

சுங்கான் என்றால் வெள்ளைக்காரர்கள் புகையிலையைத் திணித்து இழுக்கிற வளைந்த குழாய். மகன் அதை பைப் என்பான். விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அதை அதிராம்பட்டினத்தில் வாங்கினேன். நம்மிடம் அரிசி வாங்குகிற ஒரு வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெருவில் நடந்தபோது பழைய சாமான் விற்கிற பாய் ஒருவர் கடை கண்ணில் பட்டது. துபாய், சிங்கப்பூர் என்று குடும்பத்தோடு போய்விட்டவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது எல்லாவற்றையும் அவரிடம் போட்டுவிட்டுப் போவார்கள். துருப்பிடித்த சாவிகளோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் அது கிடந்தது.

அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். சின்ன வயதில் அப்பாவோடு மிராசு வீட்டு வாசலில் நிற்கும்போது, உள்ளே சாய்வு நாற்காலியில் இருக்கிற பெரியவர் வாயில் அப்படி ஒன்று இருக்கும். புகை மட்டும் வெளியே வரும். நல்ல வாசனை. அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அந்த வயதில் ஓர் ஆசை. வேறொன்றுமில்லை.

"எத்தனை வருசத்துது பாய்?" என்று கேட்டேன்.

"இருநூறு வருசம் முதலாளி. கப்பல் கேப்டன் வச்சிருந்தது. இந்த வெள்ளி வளையத்துல பாருங்க, நங்கூரம் தெரியுதா?"

"உங்க கடையில எல்லாமே இருநூறு வருசம்தானா? அந்த மிக்சியும் இருநூறு வருசமா?"

"மிக்சி நேத்து வந்துச்சு. அதுக்கு வயசு நாளைக்குத்தான் சொல்லுவேன்" என்று சிரித்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அரிசி மூட்டை வந்தால் குத்தூசியைச் சாக்கில் செருகி, நடு மூட்டையிலிருந்து நாலு அரிசி எடுத்துப் பார்க்காமல் பேச மாட்டேன். மேலே நல்ல அரிசியைப் போட்டு உள்ளே நொய்யைத் தள்ளுகிறவர்களை எவ்வளவு பார்த்திருக்கிறேன்! பாய் சொன்ன இருநூறு வருசத்தையும் குத்திப் பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் வாங்கினேன். அதற்குள் இடுப்பு உடைந்துவிட்டது. சுங்கானும் நானும் மாடிக்கு வந்துசேர்ந்தோம்.

நாம் வாயால் கேட்டாலே தேடித் தருகிற போன் ஒன்றை மகன் கொடுத்திருந்தான். அதைக் கேட்டேன். அது ஆயிரம் சுங்கான் படம் காட்டியது. எல்லாம் ஒன்றுபோல இருந்தன. கட்டை என்ன மரம், வாயில் வைக்கிற கருப்புத் துண்டு என்ன பொருள், வளையத்தில் என்ன குறி என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டுமாம். கருப்புத் துண்டை எருமைக்கொம்பு என்று நினைத்தேன். பாயும் அப்படித்தான் சொல்லியிருந்தார். கொம்பாக இருந்தால் வயது கூடும். என் விசாரணை அதோடு நின்றுபோயிற்று. சுவரைப் பார்த்தேன், சுங்கானைப் பார்த்தேன், மறுபடியும் சுவரைப் பார்த்தேன்.

வழி திறந்தது என் மனைவியால். அவளுக்கு அந்தச் சாமானைக் கண்டாலே ஆகாது. "எவன் எச்சிலோ, அதைப் போய் மடியில வச்சுக்கிட்டு உட்காந்திருக்கீங்களே" என்பாள். ஆடிப்பெருக்குக்கு முதல்நாள் குத்துவிளக்கு, குங்குமச்சிமிழ் எல்லாம் துலக்க எடுத்தவள், நான் கண் அசந்திருந்தபோது சுங்கானையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விழித்துப் பார்த்தால் மடி காலியாக இருந்தது. சமையலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"என்னடி பண்றே அங்கே?" என்று கத்தினேன். வாக்கரைப் பிடித்து எழுந்து போவதற்குள் வேலை முடிந்திருந்தது. கருப்புத் துண்டைக் கழற்றிக் கொதிக்கிற வெந்நீரில் போட்டிருந்தாள். வெள்ளி வளையத்தில் திருநீற்றைக் குழைத்து அப்பித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எச்சில் போக வேண்டாமா? கழுவிட்டுத்தான் திருநீறு தொட்டேன். வெள்ளின்னு இருந்தா வெள்ளையா இருக்கணும்" என்றாள்.

"வயசு பாக்குற சாமான்டி அது!"

"வயசு பாத்து என்ன பண்ணப் போறீங்க, பொண்ணு கேட்டா வந்திருக்காங்க? ஐயே, இது என்ன நாத்தம், முட்டை அழுகின மாதிரி!"

வெந்நீரிலிருந்து ஆவி வந்தது. கருப்பாக இருந்த துண்டு பாசிபிடித்த பழுப்பாக மாறியிருந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. குனிந்து நன்றாக இழுத்து முகர்ந்தேன். அந்த வாடை எனக்குத் தெரியும். நெல்லின் உமியைப் பிரிக்க இரண்டு ரப்பர் உருளைகள் ஓடும். இடைவெளி நெருக்கமாகிச் சூடேறினால் இதே கந்தக வாடைதான் வரும். எத்தனையோ தடவை ஆலையின் மறுகோடியிலிருந்தே அந்த வாடை பிடித்து ஓடிப்போய் மெஷினை நிறுத்தியிருக்கிறேன்.

"கொம்பு இல்லடி. ரப்பரு! கந்தகம் போட்டு இறுக்கின ரப்பரு!"

"அதுக்கு ஏன் இப்படிக் கத்துறீங்க, கீழ மருந்துக்கடைக்காரன் பயந்துடப் போறான்."

போனைக் கேட்டேன். ரப்பரைக் கந்தகத்தோடு சுட்டுக் கெட்டியாக்குகிற வேலை இருநூறு வருசத்துக்கு முன்னால் உலகத்தில் இல்லை என்றது. பாயின் கணக்கு அப்போதே சாய்ந்துவிட்டது.

அடுத்து வளையம். அவளைத் திட்டத்தான் கையில் வாங்கினேன். ஆனால் தேய்த்த வெள்ளியில், பள்ளமான குறிகளுக்குள் மட்டும் திருநீறு தங்கி வெள்ளைவெளேரென்று நின்றது. முன்பு நங்கூரம் மட்டும் அரைகுறையாகத் தெரிந்த இடத்தில் இப்போது வரிசையாகத் தெரிந்தன: ஏதோ இரண்டு எழுத்து, ஒரு நங்கூரம், நடந்து போகிற ஒரு சிங்கம், கடைசியில் தனியாக ஓர் எழுத்து. ஆங்கில எழுத்து எனக்குச் சாக்கில் அச்சுப் போட்டுப் பழக்கம். பெரிய எழுத்தெல்லாம் தெரியும். இது சின்ன எழுத்து, கே.

இந்தத் தனி எழுத்து எதற்கு? மகன் சாயங்காலம் வந்தபோது காட்டினேன். "வாங்கினவர் பேரோட முதல் எழுத்தா இருக்கும்பா" என்றான். எனக்கு ஒப்பவில்லை. பெயருக்கு வெட்டிய எழுத்தென்றால் அழகாகக் கொடி சுற்றி வெட்டியிருப்பார்கள். இது ஒரே அடியில் குத்திய குத்து. சர்க்கார் குத்து. என் எடைக்கற்களின் அடியில் ஈயம் ஊற்றியிருக்கும். முத்திரை ஆபீஸ்காரர் வந்து அதில் குத்திவிட்டுப் போவார். அந்தக் குத்தைப் பார்த்தாலே எந்த வருசம் முத்திரை போட்டது என்று சொல்லிவிடலாம். பழைய முத்திரையோடு கல்லை வைத்திருந்தால் அபராதம். நமக்கு அப்படி இருந்தால் இதைச் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரனுக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

போனிடம், "வெள்ளியில வருசத்துக்கு ஒரு எழுத்து குத்துவாங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றது. படத்தோடு அட்டவணையே காட்டியது. சிங்கம் என்றால் சுத்த வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம் என்ற ஊரில் சோதித்தது. அந்த ஊருக்குப் பக்கத்தில் கடலே கிடையாதாம். உடனே பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், உங்க கேப்டன் செத்துட்டாரு. நங்கூரம் ஊரு முத்திரை. அந்த ஊருல கடலே இல்லையாம்."

"கடல் இல்லாத ஊருக்கு நங்கூரமா! அப்ப நம்ம அதிராம்பட்டினத்துக்கு ஒட்டகத்த வச்சுக்கலாம் போலயே."

"ரப்பரு வேற. கொம்பு இல்ல."

"முதலாளி, வித்த பொருளுக்கு இவ்வளவு விசாரணை வச்சா நான் கடையை மூடிட்டு சவூதிக்குத்தான் போகணும்."

எழுத்தில் ஒரு சிக்கல் இருந்தது. எழுத்துகள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்களாம். அதனால் ஒரே 'கே' பல தடவை வரும். எந்தச் சுற்று என்பதை எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றி இருக்கிற கட்டத்தையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். பழைய சுற்றில் எழுத்து மூலைமூலையாக முறுக்கி இருக்கும். நம்முடையதில் முறுக்கு தேய்ந்துபோனதா, முறுக்கே இல்லையா? மனைவியைக் கூப்பிட்டு மறுபடியும் திருநீறு வைத்துத் துடைக்கச் சொன்னேன். ஜன்னல் கம்பிக்கு நடுவே வருகிற வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினோம். "நேரா, சாதாரணமாத்தான் இருக்கு. முறுக்கெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அட்டவணையில் அந்த முறுக்கில்லாத கே, முதல் உலக யுத்தத்துக்குச் சில வருசம் முன்னால் வந்த சுற்றில் இருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் நான் வியாபாரி இல்லை. வளையம் ஒன்று, கட்டை ஒன்றாக இருந்தால்? பழைய அரிசியில் புது அரிசியைக் கலக்கவில்லையா? கட்டையின் பக்கவாட்டில் லேசாக அழுந்திய எழுத்துகள் இருந்தன. அங்கேயும் திருநீற்றைத் தடவினேன். வளையத்தில் முதலில் இருக்கிற அதே இரண்டு எழுத்துகள் கட்டையிலும் வந்தன. செய்தவன் ஒருவனே. கட்டையும் வளையமும் ஒரே பிறப்பு. முதல் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருசம் முன்னால் செய்த சுங்கான் இது. கப்பல்காரன் கதையும் பொய், இருநூறு வருசமும் பொய்.

அன்றைக்குத்தான், விழுந்த பிறகு முதல் தடவையாக, எனக்குச் சுவர் கண்ணில் படவில்லை.

மகன் ஆலையை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். நான் விழுந்த பிறகு ஆலை ஓடவில்லை. கோவில்கள் பார்க்க வருகிறவர்கள் தங்குகிற விடுதியாக்கப்போகிறேன் என்றான். மாடியில் கிடக்கிறவன் சரி என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்? சரி என்றேன். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி வைத்துப் பழைய பொருள்களை வைக்கப்போவதாகவும், சுங்கானைத் தர முடியுமா என்றும் கேட்டான். சந்தோஷமாகக் கொடுத்தேன். ரப்பர், நங்கூரம், சிங்கம், எழுத்து, யுத்தத்துக்கு முன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் போனில் எழுதிக்கொண்டான். "சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டு ஏணிப்படியில் தடதடவென்று இறங்கிப் போனான். இரண்டு இரண்டு படியாக இறங்குவான். அந்தச் சத்தம் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்கும்.

திறப்புவிழாவுக்கு என்னை அழைத்துப்போக முடியவில்லை. "படி இறக்குறது ரிஸ்க்குப்பா, வீடியோவுல காட்டுறேன்" என்றான். அன்று வீடியோவில் கூட்டமும் தோரணமும் தெரிந்தன, படம் நின்றுவிட்டது. முற்பகலில் அதிராம்பட்டினத்துப் பாய் போன் செய்தார். மகன் அவரிடம் பழைய கதவுகள் வாங்கியிருந்தான், அதனால் அவருக்கும் அழைப்பு.

"முதலாளி... நீங்கதானா?"

"நான்தான். வேற யாரு எடுப்பா?"

"அல்லா காப்பாத்தினான். நல்லா இருக்கீங்களா?"

"இடுப்பத் தவிர எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏன் பாய், குரல் நடுங்குது?"

"இல்ல... இங்க கண்ணாடிப் பெட்டியில உங்க படம் பெருசா வச்சிருக்காங்க. சந்தனப் பொட்டு, குங்குமம், சம்பங்கி மாலை, அடியில செவப்பு பல்பு எரியுது. வர்றவங்கெல்லாம் கும்புட்டுட்டுப் போறாங்க. என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையேன்னு பதறிப்போய், மவுத்தானவங்களுக்குச் சொல்ற இன்னாலில்லாஹியே நான் சொல்லிட்டேன்."

"சொன்னத வாபஸ் வாங்கிக்கங்க."

"வாங்கிட்டேன் முதலாளி, வாங்கிட்டேன். அந்தச் சுங்கானுக்கும் பொட்டு வச்சிருக்காங்க. பக்கத்துல ஒரு அட்டை இருக்கு, படிக்கட்டுமா?"

படித்தார். 'எங்கள் நிறுவனர் தம் ஓய்வு நேரங்களில் புகைத்த பைப். அவர் நினைவாக.'

வேறு எதுவும் இல்லை. ரப்பர் இல்லை, எழுத்து இல்லை, கண்டுபிடித்தவன் இல்லை. நான் மாடியில் உட்கார்ந்து குத்திக் குத்திக் கண்டுபிடித்ததையெல்லாம் எடுத்துவிட்டு, என்னையே கொன்று பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மனைவியிடம் சொன்னேன். அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பயங்கரமாகக் கோபப்பட்டாள்.

சாயங்காலம் மகன் இனிப்போடு வந்தான். இனிப்பை யாரும் தொடவில்லை.

"பொட்டு வச்சது வேலை செய்யறவங்கப்பா. திறப்புவிழான்னா எல்லாத்துக்கும்தான் வைப்பாங்க. ஜெனரேட்டருக்குக்கூட வச்சாங்க."

"ஜெனரேட்டருக்கு மாலை போட்டுச் செவப்பு பல்பு எரிச்சாங்களா?"

"அதை எடுத்துடச் சொல்லிட்டேன்பா."

"நினைவாகன்னு போட்டிருக்கே?"

"அது மரியாதைக்குப்பா. கேக்க நல்லா இருக்கும்."

"நான் எப்படா சுங்கான் புடிச்சேன்? ஓய்வு நேரத்துலயாம்! எனக்கு ஓய்வு நேரம்னு ஒண்ணு இருந்துச்சா? இந்த மாடிக்கு வந்தப்புறம்தான் அதைப் பாத்திருக்கேன்."

"வர்றவங்களுக்கு ஒரு கதை வேணும்பா. கையில பைப்போட ஒரு நிறுவனர்னா கெத்தா இருக்கு. மூட்டை தூக்குற உங்க கொக்கிய வச்சா யாருப்பா பாப்பாங்க?"

"அந்தச் சுங்கான் வாய்ப்பக்கத்துல பல்தடம் பாத்தியா? இடது பக்கம் ஆழமா கடிச்சிருக்கான். எனக்கு இடது பக்கம் பல்லே கிடையாது, வெத்தலையும் புகையிலையும் போட்டே போச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சாலும் பொய் பொய்தான்டா."

அவனுக்கு ஒன்று தெரியாது, அவனிடம் நான் சொன்னதும் இல்லை. வாயில் சுங்கானோடு உள்ளே உட்கார்ந்திருந்தவர் யார், வெளியே வெயிலில் நின்றது யார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெளியே நின்றவன் மகனை, உள்ளே இருந்தவர் மாதிரி ஆக்கி மாலை போட்டால் அது எனக்கு மரியாதையா?

"நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கிட்டுப் போனியே?"

"அது நீளம்பா. அட்டையில கொள்ளாது."

"நான் வந்து பாக்குறேன், கொள்ளுதா இல்லையான்னு."

"எப்படிப்பா வருவீங்க?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்டான். மூன்று பேரும் படிக்கட்டுப் பக்கம் பார்த்தோம்.

மனைவிதான் வாயைத் திறந்தாள். "ஏத்துனவங்களுக்கு இறக்கத் தெரியாதா? அந்த நாலு பேரும் இன்னும் ஊருலதான் இருக்காங்க."

மகன் டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை. மாலை போய்விட்டதாம், அட்டை அப்படியே இருக்கிறது என்று பாய் சொல்கிறார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மகனும் படிப்பான், மற்றவர்களும் படிக்கட்டும். அந்த அட்டையைக் கிழிக்க வேண்டும். புது அட்டையில் இப்படி எழுத வேண்டும்: இது முதல் உலக யுத்தத்துக்குச் சில வருசம் முன்னால் இங்கிலாந்தில் செய்த சுங்கான். வாய்ப்பக்கம் ரப்பர், வளையம் வெள்ளி. அதிராம்பட்டினத்தில் விலைக்கு வாங்கியது. புகைத்தவர் யார் என்று தெரியாது. காலத்தைக் கண்டுபிடித்தவர் இந்த ஆலையைக் கட்டியவர். திருநீறு வைத்துத் தேய்த்தவர் அவர் மனைவி. எங்கள் இரண்டு பேர் பெயரையும் முழுசாகப் போட வேண்டும். சுங்கானுக்குப் பக்கத்தில் என் மூட்டைக் கொக்கியையும் வைக்க வேண்டும். அதன்மேல் என் கை பட்ட தேய்மானம் இருக்கிறது, அதற்கு யாரும் வயது பார்க்க வேண்டாம். 'நினைவாக' என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது.

மகனே, புது அட்டையை எழுதி முடித்ததும் அந்த நாலு பேரை அனுப்பு. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரில் என்னை இறக்கட்டும். என் பெயர் இருக்கிறதா என்று நானே எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்க வேண்டும்.